கிண்டி சோதனைக்கூடம்: என் ஆய்வேட்டுக்கு ஒரு கட்டடத்தைப் படித்துக் காட்டியவர்கள்

கட்டமைப்புப் பொறியியலில் எம்.இ. படிப்பவர்கள் கடைசி ஆண்டில் ஆய்வேட்டுக்காகப் பணம் கொடுக்கும் இடங்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன. நான் இரண்டு இடங்களில் கொடுத்தேன். முதல் இடத்தில் கொடுத்தது வீணாய்ப் போனது. இரண்டாவது இடம், கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டைக்குள் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இயங்கும் சிறிய காங்கிரீட் சோதனைக்கூடம். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயரைப் போட வேண்டாம் என்று அங்கிருக்கும் மூத்த பொறியாளர் கேட்டுக்கொண்டார். மாதத்துக்கு இரண்டு மாணவர்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள அவர்களிடம் ஆள் இல்லை. ஆனாலும் அவர்கள் வேலை செய்யும் விதம் எப்படிப்பட்டது என்பது எழுதப்பட வேண்டும். இதே போன்ற வேலைக்கு வேறு எங்காவது போகிறவர்களுக்கு எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதாவது தெரியும். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.

முதல் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புராஜெக்ட் செய்து தருகிறோம் என்று பலகை வைத்திருக்கும் அலுவலகம். 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பத்தே நாளில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு ஈடாப்ஸ் என்ற கட்டமைப்பு மென்பொருளில் செய்த மாடலையும் 90 பக்க அறிக்கையையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். முதல் மதிப்பாய்வு நாளன்று என் வழிகாட்டிப் பேராசிரியர் மாடலைத் திறக்கச் சொன்னார். ஓர் ஊரில் எவ்வளவு வலுவான அதிர்வுக்குக் கணக்குப் போட வேண்டும் என்பதைச் சொல்லும் நில அதிர்வு மண்டலக் காரணி 0.10 என்று இருந்தது. அது பெங்களூரு, ஹைதராபாத் போன்ற இரண்டாம் மண்டல ஊர்களுக்கு உரிய எண். நில அதிர்வுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1893-இன் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு வந்துவிட்டது; அதன் 2016 பதிப்புப்படி இங்கே 0.16 போட வேண்டும். வேறு ஏதோ ஊரில் யாரோ செய்த மாடல் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. "இந்தக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறதம்மா?" என்று பேராசிரியர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு கட்டடம் எனக்கு இருந்தது. திருவான்மியூரில் என் பெரியம்மா குடியிருக்கும் அடுக்ககம். 1991-இல் கட்டியது. கீழே முழுவதும் வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம், மேலே மூன்று மாடி, ஆறு வீடுகள். நான்கு தெரு தாண்டினால் கடல். கோடை விடுமுறைகளில் அந்தத் தூண்களுக்கு இடையில்தான் ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறேன். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். வீட்டில் தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. நான் இந்தப் படிப்புக்கு வந்ததற்கு அந்த நாட்கள் ஒரு காரணம். படித்து முடிக்கும் நேரத்தில், இல்லாத ஒரு கட்டடத்தை ஆராய்ந்து பட்டம் வாங்குவது எனக்கே பொறுக்கவில்லை.

ஸ்டில்ட் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2001 ஜனவரி 26 அன்று புஜ் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்ககங்கள் பல விழுந்தன. அவற்றில் கீழ்த்தளம் திறந்து கிடந்த கட்டடங்கள் நிறைய. மேலே வீடுகள் சுவரோடு சுவராக இறுகி நிற்கின்றன; கீழே வெறும் தூண்கள். அதிர்வு வரும்போது மேல்பகுதி ஒரே பெட்டியாக நகர, வளைவதெல்லாம் அந்தத் தூண்களின் பொறுப்பாகிவிடுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவு அதிர்வைச் சென்னை மக்களும் உணர்ந்தார்கள். பெரியம்மா அன்று படியிறங்கி ஓடியதை இன்றும் சொல்வார்.

பெரியம்மாவின் பீரோவில் அந்த நாளைய நீல வரைபடம் இருந்தது. தூண் 9 அங்குலத்துக்கு 18 அங்குலம், எட்டு 16 மி.மீ. கம்பிகள், அவற்றைச் சுற்றிக் கட்டும் ரிங் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, காங்கிரீட் எம்15, அதாவது 15 மெகாபாஸ்கல் வலிமை. அதை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போனேன். பொறியாளர் வரைபடத்தை மேஜையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். "இது கட்ட நினைத்ததும்மா. கட்டியது என்ன என்று போய்த்தான் பார்க்க வேண்டும்" என்றார். மாடலை அவர்கள் செய்து தர மாட்டார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். கட்டடத்திலிருந்து எண்களை எடுத்துத் தருவார்கள், நான் செய்யும் மாடலைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். கட்டணம் ஒரு நாள் களவேலைக்கு 12,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 14,160 ரூபாய். ஆய்வகத்தில் உடைத்துப் பார்ப்பதற்காகத் துளையிட்டு எடுக்கும் காங்கிரீட் உருளைகளுக்கு, அதாவது கோர்களுக்கு, மூன்றுக்கும் சேர்த்துத் தனியாக 7,500.

ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே வந்துவிட்டார்கள். பொறியாளரும், கருவிகளைக் கையாளும் அண்ணன் ஒருவரும். முந்தைய நாளே ஆறு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். காரை எல்லாம் தெருவில் நிறுத்தச் செய்திருந்தேன். அண்ணன் செய்த முதல் வேலை எனக்கு மறக்காது. அடித்தால் எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்துக் காங்கிரீட்டின் வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமரைப் பெட்டியிலிருந்து எடுத்து, தூணைத் தொடுவதற்கு முன், தன்னோடு கொண்டு வந்த கனமான எஃகுப் பட்டடையில் பத்து முறை அடித்துப் பார்த்தார். முள் 80-ஐ ஒட்டி நின்றது. அதைத் தாளில் எழுதி, நேரம் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கினார். மாலையில் வேலை முடிந்ததும் மறுபடியும் அதே பட்டடையில் அடித்து எழுதினார். இந்தக் கருவி 1940-களின் கடைசியில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கியது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு எடை, வெளியே ஓர் அளவுகோல். இத்தனை எளிய கருவியிலும் காலையிலும் மாலையிலும் சரிபார்க்காத எண்ணை நம்பக்கூடாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

தூண்களில் ஒரு சதுர அடி அளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, தேய்ப்புக் கல்லால் காங்கிரீட் முகத்தை வழவழப்பாக்கி, சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் அடி. ஜல்லி தெரிந்த இடத்தில் வந்த எண்ணை நீக்கிவிட்டு வேறு இடம் பார்த்தார். பதினைந்து தூண்களில் பத்தை இப்படிப் பார்த்தார்கள். சராசரி 23 மெகாபாஸ்கல் காட்டியது. வரைபடத்தில் எம்15 என்றல்லவா இருந்தது! நான் மகிழ்ந்துபோனேன். பொறியாளர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு மீயொலி சோதனை. தூணின் 230 மி.மீ. அகலத்துக்கு இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, ஒரு பக்கம் ஒலியை அனுப்பும் முனை, மறு பக்கம் வாங்கும் முனை. திரையில் நேரம் வரும். 68 மைக்ரோ நொடி. "கணக்குப் போடு" என்றார் பொறியாளர். தொலைவை நேரத்தால் வகுத்தேன், நொடிக்கு 3.38 கிலோமீட்டர். 3.5-க்கு மேல் இருந்தால்தான் நல்ல காங்கிரீட் என்ற பட்டியலில் சேரும். பெரும்பாலான தூண்கள் அந்தக் கோட்டை ஒட்டி மேலும் கீழுமாக இருந்தன. கடல் பக்க மூலைத் தூணுக்கு வந்தபோது 82 என்று காட்டியது. முனையை அழுத்திப் பிடித்து மறுபடி எடுத்தார் அண்ணன். மறுபடியும் 82. நொடிக்கு 2.80 கிலோமீட்டர். அவர் சுத்தியலின் பிடியால் அந்தத் தூணை மேலிருந்து கீழ் வரை தட்டிக்கொண்டே வந்தார். இடுப்பளவு உயரத்தில் சத்தம் மாறியது. காலிப் பானையைத் தட்டுவது போன்ற சத்தம். அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் நான் கண்ணாமூச்சியில் எண்ணியிருக்கிறேன்.

அங்கே கொத்திப் பார்த்ததில் ஜல்லிகளுக்கு இடையே கலவை போய்ச் சேராத பொந்துகள். ஒரு கம்பி வெளியே தெரிந்தது, செதில் செதிலாகத் துரு. துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு வெர்னியரை என் கையில் கொடுத்தார் பொறியாளர். 14.2 மி.மீ. போட்டபோது 16. விட்டம் 1.8 மி.மீ. குறைந்தால் பரப்பளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த வெர்னியர் அளவைப் படிக்கும்போது என் விரல் நடுங்கியது. பெரியம்மா பக்கத்தில் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

கம்பி தேடும் கருவியைத் தூண் மேல் நகர்த்தினால் கம்பி இருக்கும் இடத்தில் ஒலிக்கும். நெடுக்குக் கம்பிகள் வரைபடத்தில் இருந்தபடியே எட்டு. ரிங்குகள் ஆறு அங்குலத்துக்கு ஒன்று இருக்க வேண்டியவை 280 மி.மீ. இடைவெளியில் இருந்தன. 230 மி.மீ. தூணில் ரிங் இடைவெளி அந்த 230-ஐத் தாண்டக் கூடாது என்பது காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் விதி. நில அதிர்வுக்கு ரிங்தான் உயிர். தூண் வளையும்போது உள்ளே இருக்கும் காங்கிரீட்டைச் சிதறவிடாமல் கட்டிப் பிடிப்பது அதுதான். அதிர்வுக்கேற்ற கம்பி வேலைக்கென்று ஐ.எஸ். 13920 வந்ததே 1993-இல். இந்தக் கட்டடம் அதற்கு முந்தையது.

ஹேமர் காட்டிய 23-க்கு விடை மதியம் கிடைத்தது. புதிதாகக் கொத்திய காங்கிரீட் முகத்தில் அண்ணன் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தார். உள்பகுதி நல்ல இளஞ்சிவப்பாக மாறியது. வெளிப்பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நின்றது. சாம்பலின் ஆழம் 35 மி.மீ. காற்றிலுள்ள கரியமில வாயு அந்த ஆழம் வரை நுழைந்து காங்கிரீட்டின் காரத்தன்மையைத் தின்றிருக்கிறது. அப்படி மாறிய மேற்பரப்பு கெட்டிப்பட்டுவிடும். சுத்தியல் அதன் மேல் துள்ளும். வலிமை இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். கம்பியோ 25 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது. அன்றைய விதிப்படி 40 இருந்திருக்க வேண்டும். ஆக, காரம் போன பகுதிக்குள் கம்பி மாட்டிக்கொண்டது. காரம் இருக்கும் வரைதான் கம்பியின் மேல் துருப்பிடிக்காத மெல்லிய படலம் நிற்கும். ஒரே ஒரு ரசாயனத் தெளிப்பில் ஹேமர் ஏன் பொய் சொன்னது, மூலைத் தூண் ஏன் துருப்பிடித்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தது. இத்தனை ஆண்டுப் படிப்பில் எனக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் விளங்கியதில்லை.

கோர் எடுப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தூணிலேயே எடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். "ஆறு குடும்பம் மேலே இருக்கிறது. ஒன்பது அங்குலத் தூணில் ஓட்டை போட என் கை வராது" என்றார் பொறியாளர். மொட்டைமாடி ஸ்லாபில், கம்பி இல்லாத இடமாகப் பார்த்து மூன்று எடுத்தார்கள். மூன்றுக்குக் குறைந்தால் விதிப்படி செல்லாது. எடுப்பதற்கு முன் அதே இடங்களில் ஹேமரால் அடித்துக் குறித்துக்கொண்டார்கள். ஹேமர் சொன்னது சராசரி 24. ஆய்வகத்தில் கோர்களை உடைத்தபோது வந்தது 15.8, 17.2, 16.4. அந்த விகிதத்தைத் தூண்களுக்கும் பொருத்தினால் 23 என்பது ஏறத்தாழ 16 ஆகிறது. எம்15 காங்கிரீட்டை எம்15 ஆகவே போட்டிருக்கிறார்கள். அந்த நாளைய கொத்தனார் கலவையின் வலிமையில் ஏமாற்றவில்லை. ஓட்டைகளைச் சுருங்காத கலவை கொண்டு அன்றே அடைத்தார்கள். ஜூன் மழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை என்று பெரியம்மா சொன்னார்.

அதன் பிறகு இரண்டு சனிக்கிழமை என் மடிக்கணினியோடு கிண்டிக்குப் போனேன். சொன்னபடியே பொறியாளர் மௌஸைத் தொடவில்லை. முதல் கேள்வி, "கட்டடத்தின் எடை என்ன?" மாடல் 6,100 கிலோநியூட்டன் என்றது. காகிதத்தில் தளம் தளமாகக் கூட்டச் சொன்னார். 6,900 வந்தது. எண்ணூறு எங்கே போயிற்று என்று தேடினால், மூன்றாம் மாடி வெளிச்சுவர்களையும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியையும் மாடலில் ஏற்ற விட்டிருக்கிறேன். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கொடுத்ததைக் கணக்கிட்டுக் கொடுத்தது. 6,900-க்கு ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்புப்படி அடிப்பகுதிக் கிடைவிசை, அதாவது அதிர்வின்போது கட்டடத்தின் அடிப்பகுதி தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை, 460 கிலோநியூட்டன். மண்டலக் காரணி 0.16-இல் பாதி, அதை இரண்டரையால் பெருக்கி மூன்றால் வகுத்தால் எடையில் பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு வரிக் கணக்கு. ஆனால் அந்த ஒரு வரியை 90 பக்க அறிக்கையில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாவது கேள்வி சுவர்களைப் பற்றியது. முதல் மாடலில் சுவரை எடையாக மட்டும் வைத்திருந்தேன். அப்போது நான்கு தளங்களும் சீராக நகர்ந்தன, ஆபத்தே தெரியவில்லை. மேல் மாடிச் சுவர்களை விதி சொல்வது போல மூலைவிட்டச் சட்டங்களாக மாற்றி, தூண்களின் விறைப்பை 70 சதவீதமாகவும் பீம்களுடையதை 35 சதவீதமாகவும் குறைத்து மறுபடி ஓட்டினேன். மொத்த நகர்வில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டில்ட் தளத்திலேயே விழுந்தது. மற்றத் தளங்களைவிட விறைப்புக் குறைந்த தளத்தை மென்தளம் என்று புத்தகத்தில் படித்தது திரையில் பெரியம்மா வீட்டின் வடிவத்தில் ஆடியது. மூலைத் தூணில் 14.2 மி.மீ. கம்பியைப் போட்டு மூன்றாவது முறை ஓட்டியபோது நான் யாரிடமும் பேசவில்லை. பொறியாளரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதை முதலில் வீட்டுக்காரர்களிடம் சொல், பிறகு கல்லூரியில் சொல்" என்றார்.

குறைகளும் உண்டு. அறிக்கை பத்து நாளில் தருவதாகச் சொல்லி இருபத்தோராவது நாள் தந்தார்கள். இரண்டாம் மதிப்பாய்வுக்கு முந்தைய இரவு எட்டு மணிக்குக் கைக்கு வந்தது. மாணவர்களுக்கு அந்தப் பதினொரு நாள் என்பது ஒரு முழு அத்தியாயம். இதை அவர்களிடமே சொன்னேன். கோர்களை எடுத்துச் செல்லும் வண்டிக்கு 1,200 ரூபாய் என்று ரசீதில் இருந்தது. முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு அது சிரமமில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களில் நான்கு பேர் ஓய்வுபெற்ற முதியவர்கள். தங்கள் தூணுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தங்கள் மொழியில் படிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. நானே உட்கார்ந்து ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, மூலைத் தூணின் படத்தோடு ஆறு வீட்டுக்கும் கொடுத்தேன். அந்த அரை மதிப்பெண் இவற்றுக்காகத்தான் குறைத்தேன்.

போக நினைக்கும் மாணவர்களுக்குச் சில செய்திகள். கட்டட உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இவர்கள் வண்டியே ஏற மாட்டார்கள். பழைய வரைபடம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டால் அளந்து வரைய ஒரு நாள் கூடுதலாகும். களவேலை நாளன்று மூட்டு வலிக்கும் அளவுக்கு உங்களையும் வேலை வாங்குவார்கள். கட்டம் போடுவது, எண் எழுதுவது எல்லாம் நீங்கள்தான். தேவையான இந்தியத் தரநிலைகளைத் தர நிர்ணய அமைப்பின் இணையத்தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அவற்றைப் படித்துவிட்டுப் போனால் பொறியாளர் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேசுவார். ஆய்வேட்டை எழுதித் தருவார்களா என்று மட்டும் கேட்க வேண்டாம். எனக்கு முன்னால் வந்த ஒருவர் கேட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் பார்த்தேன்.

என் மொத்தச் செலவு 22,860 ரூபாய். முதல் இடத்தில் கொடுத்ததைவிட நாலாயிரத்துச் சொச்சம்தான் அதிகம். வாய்மொழித் தேர்வில் என் பேராசிரியர் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். தெருப் பெயரையும் சொன்னேன், எந்தத் தூணின் எந்த உயரத்தில் சத்தம் மாறுகிறது என்பதையும் சொன்னேன்.

மூலைத் தூணுக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு இரும்பு முட்டுகள் நிற்கின்றன. அந்த இடத்தில் கார் நிறுத்துவதில்லை. வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி, ஸ்டில்ட் தூண்கள் அனைத்தையும் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் காங்கிரீட் உறை போடவும், இரண்டு இடங்களில் கீழ்த்தளத்தில் காங்கிரீட் சுவர் எழுப்பவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேலை தை மாதத்தில் ஆரம்பிக்கிறது. பூச்சு உடைக்கும் முதல் நாள் தானும் வந்து நிற்பதாகப் பொறியாளர் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்குக் கட்டணம் கிடையாதாம். காப்பி மட்டும் போதும் என்றாராம்.